66 வரியும் 72 வரியும்: யூனிக்ஸ் கையேடு காகிதத்தில் ஏறிய வரலாறு

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு நம் செயலாளர் கடைக்கு வந்தபோது, "நயினார் சார், இந்த வருஷமும் சமணமும் தமிழும் தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இத்தனை மலர்களிலும் நான் எழுதி வந்தது அதுதான். "இல்லை, இந்தத் தடவை கம்ப்யூட்டர் பேப்பர்" என்றேன். "அது உங்க வியாபாரமாச்சே, அதுல என்ன சார் வரலாறு இருக்கு?" என்றார். இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம். 1982இல், 22 வயதில், ஓல்டு சைனா பஜார் தெருவில் இருந்த தாய்மாமன் கடைக்குக் காகித வியாபாரம் பழக வந்தேன். 'ஜெயின்' என்றால் மார்வாடி என்றும், 'மதராஸி' என்றால் ஐயர் என்றும் நினைக்கிற ஊரில் தமிழ் பேசும் ஜெயின் என்று விளங்க வைப்பதற்கே எனக்குப் பத்து வருடம் பிடித்தது. படிப்பு பி.யூ.சி. வரைதான். மற்றதெல்லாம் காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளும், வாடிக்கையாளர்களும் கற்றுக்கொடுத்தவை. கம்ப்யூட்டர் விஷயமும் அப்படி ஒரு வாடிக்கையாளரிடம் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

தாள் திரும்பி வந்த கதை

1991ஆம் வருடம். தெற்குக் கல்கத்தாவில் ஒரு கல்வி நிலையம் (பெயர் வேண்டாம்) எங்களிடம் மடிப்புத் தாள் வாங்கியது. இரண்டு ஓரமும் துளை போட்டு, மடிப்பில் கிழிகோடு விட்டு, ஒரே நீளமாகப் பெட்டியில் வருமே, அந்தத் தாள். அங்கே யூனிக்ஸ் ஓடும் ஒர்க்ஸ்டேஷன் ஒன்று புதிதாக வந்திருந்தது. மெஷின் ஒன்று, மாணவர்கள் இருபது பேர். ஒருவர் திரையில் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே மெஷினுக்குள் இருக்கும் கையேடு முழுவதையும் தாளில் அச்சடித்து, பைண்டு பண்ணி, அலமாரியில் வைப்பது என்று முடிவு செய்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் பெட்டிகள் கடைக்குத் திரும்பி வந்துவிட்டன. கூட வந்தவர், "தாதா, ஏய் காகொஜ் சோல்பே நா" என்றார். இந்தக் காகிதம் ஆகாது என்று அர்த்தம். அச்சடித்த கட்டு ஒன்றையும் காட்டினார். முதல் தாள் சரியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தின் தலைப்போ முதல் தாளின் அடியிலேயே, மடிப்புக்கு ஒரு அங்குலம் மேலே விழுந்திருந்தது. மூன்றாம் பக்கத்தின் தலைப்பு மடிப்புக்கு இரண்டு அங்குலம் மேலே. இப்படியே ஏறி ஏறி, நடுவில் கிழிகோடு வாக்கியங்களின் மேலேயே ஓடியது. கிழித்துப் பைண்டு பண்ணினால் பாதி வரி இந்தத் தாளில், மீதி அந்தத் தாளில். "உங்க தாள் அளவு தப்பு. பணம் தர முடியாது" என்று கடிதமும் இருந்தது. மாமா என்னைத்தான் பார்த்தார். சப்ளை என் பொறுப்பு. பெட்டிகள் நாற்பது.

ராத்திரி கடையை மூடிய பின் ஸ்கேலை எடுத்து அளந்தேன். துளைக்குத் துளை அரை அங்குலம், ஒரு தாளுக்கு 24 துளை. ஆக 12 அங்குலம். நம் நாட்டில் அன்று பரவலாக ஓடிய அளவே அதுதான். தாளில் தப்பு ஒன்றும் இல்லை. மறுநாள் அந்த நிலையத்துக்கே போனேன். மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், வங்காளிப் பையன், பொறுமையாக உட்கார்ந்து எண்ணினார். ஒரு அங்குலத்துக்கு 6 வரி. கையேட்டின் ஒரு பக்கம் 66 வரி, அதாவது 11 அங்குலம். எங்கள் தாளில் 72 வரி கொள்ளும். பக்கத்துக்கு 6 வரி வித்தியாசம். 12 பக்கம் அச்சடித்தால் 11 தாளில் அடங்கி, பதின்மூன்றாம் பக்கம் மறுபடி தாளின் தலையில் சரியாக வந்து உட்காரும். கட்டைப் புரட்டிப் பார்த்தோம், அப்படியே இருந்தது. அமெரிக்காக்காரன் தாளின் நீளம் 11 அங்குலம் என்பது கையேட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. தாளும் சரி, பிரிண்டரும் சரி, கணக்குத்தான் வேறு ஊர்க் கணக்கு.

"இதைத் திருத்த முடியுமா பாபு?" என்றேன். "மூலம் இருக்கிற வரைக்கும் முடியும்" என்றார். அந்த ஒரு பதில்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்துவிட்டது.

யூனிக்ஸ் பிறந்ததும் டைப் அடிக்கத்தான்

யூனிக்ஸ் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து பெல் ஆய்வகத்தில் 1969இல் உருவாகத் தொடங்கியது. கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகிய இருவர் அதற்கு முக்கிய காரணகர்த்தாக்கள். அவர்களிடம் இருந்தது பிறர் கழித்த சிறிய மெஷின். பெரிய மெஷின் வாங்கக் காசு கேட்டால் நிர்வாகம் மசியவில்லை. அப்போது அவர்கள் செய்தது ஒரு வியாபாரி செய்யக்கூடிய காரியம். ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவில் விண்ணப்பங்களை ஓயாமல் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் வரி எண் வர வேண்டும், ஒரு சொல் மாறினாலும் முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். 'அந்த வேலைக்கு ஏற்ற ஒரு ஏற்பாட்டைச் செய்து தருகிறோம்' என்று சொல்லி பி.டி.பி.-11 என்ற மெஷினை வாங்கிக்கொண்டார்கள். 1971இல் காப்புரிமைப் பிரிவின் டைப்பிஸ்டுகள்தான் யூனிக்ஸின் முதல் வெளி வாடிக்கையாளர்கள்.

எழுத்தை வரிசைப்படுத்தி அச்சிடும் நிரல் அவர்கள் புதிதாகக் கண்டதல்ல. 1964இல் எம்.ஐ.டி.யில் ஜெரோம் சால்ட்சர் என்பவர் 'ரன்ஆஃப்' என்று ஒரு நிரல் எழுதினார். அந்தப் பரம்பரையில் வந்ததுதான் யூனிக்ஸின் 'ராஃப்'. அதைப் பெரிதாக்கி ஜோ ஒசானா என்பவர் 'என்ராஃப்' எழுதினார். இது டைப்ரைட்டர் போன்ற மெஷின்களுக்கு. பிறகு 1973ஐ ஒட்டி ஆய்வகத்துக்கு ஒளியச்சுக் கோக்கும் மெஷின் ஒன்று வந்தது. அதற்காக அவர் எழுதியது 'டீராஃப்'. அந்த மெஷினில் ஒரே சமயத்தில் நான்கு வகை எழுத்துதான் வைக்கலாம், வகைக்கு 102 உருக்கள். ஒளி பட்ட தாளை ரசாயனத்தில் கழுவி எடுக்க வேண்டும். ஒசானா 1977இல் காலமானார். அவர் நிரலை எந்த அச்சு மெஷினுக்கும் பொருந்துகிற மாதிரி திருத்தி எழுதியவர் பிரையன் கெர்னிகன். இவரும் ரிட்சியும் 1978இல் எழுதிய சி மொழி நூலை காலேஜ் ஸ்ட்ரீட்டில் அறியாதவர் இல்லை. ஆசிரியர்கள் தாங்களே யூனிக்ஸில் அச்சுக் கோத்த நூல் அது.

கையேட்டின் அமைப்பு

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3ஆம் தேதி இட்டது. ஏழு பிரிவுகள் கொண்டது. கட்டளைகள் முதற்பிரிவில், மற்றவை அடுத்தடுத்து. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே வரிசையில் தலைப்புகள்: பெயர், எழுதும் முறையின் சுருக்கம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், மேலும் காண்க, பிழைகள், உரியவர். நாளடைவில் 'மேன்' என்று அடித்து, பக்கத்தில் கட்டளையின் பெயரைப் போட்டால் அந்தப் பக்கம் திரையிலேயே வரும்படி செய்தார்கள். மேன் என்றால் மேனுவல் என்பதன் சுருக்கம், ஆள் அல்ல.

இதைப் பார்த்ததும் எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. எங்கள் சமண முனிவர் பவணந்தி, ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று விதித்தார். ஆக்கியோன் பெயர், வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. படிக்க வருகிறவன் வாசலிலேயே இது என்ன நூல், யார் செய்தது, எனக்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும் என்பது நோக்கம். மேன் பக்கத்தின் நோக்கமும் அதுவேதான். உடனே 'எல்லாம் நம்மிடமிருந்து போனது' என்று நான் சொல்ல வரவில்லை. பெல் ஆய்வகத்தில் யாரும் நன்னூல் படித்திருக்க மாட்டார்கள். அறிவைக் கைமாற்ற வேண்டிய அவசியம் வந்தால் எந்த நாட்டிலும் மனிதன் இந்த இடத்துக்குத்தான் வந்து சேருகிறான், அவ்வளவே.

ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மை மிஞ்சிவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நம் புலவர்கள் அவையடக்கத்தில் 'பிழை இருந்தால் பொறுத்தருள்க' என்பார்கள். எந்தப் பிழை என்று சொல்ல மாட்டார்கள். யூனிக்ஸ் கையேடோ 'பிழைகள்' என்று தலைப்பே போட்டு, இந்தக் கட்டளை இன்ன இடத்தில் தவறும் என்று எழுதிவிடுகிறது. தன் குற்றத்தைத் தானே எண்ணிப் பார்த்து எடுத்துச் சொல்வதைச் சமண மரபில் பிரதிக்கிரமணம் என்போம். அதைக் கையேட்டுக்குள் கண்டபோது மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

மூலமும் கோலமும்

இப்போது அந்த வங்காளி இளைஞர் காட்டியதைச் சொல்கிறேன். மேன் பக்கத்தின் மூலக் கோப்பைத் திறந்தால் அதில் அழகான பக்கம் ஒன்றும் இல்லை. சாதாரண எழுத்து. நடுநடுவே சில வரிகள் புள்ளியில் தொடங்குகின்றன. புள்ளி வைத்து 'எஸ்எச்' என்றால் அடுத்து வருவது உட்தலைப்பு. புள்ளி வைத்து 'பி' என்றால் அந்தச் சொல் தடித்து வர வேண்டும். 'டிஎச்' என்றால் பக்கத்தின் தலைப்பு. எத்தனை வரி, எத்தனை அங்குலம் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. 'இது தலைப்பு, இது கட்டளையின் பெயர், இது விளக்கம்' என்று ஒவ்வொன்றின் இயல்பை மட்டும் குறித்திருக்கிறது. இந்தக் குறியீடுகள் 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் நிலைபெற்றன.

அச்சடிக்கும் நேரத்தில்தான் நிரல் அந்த மூலத்தை எடுத்து, கையில் இருக்கும் தாளுக்கும் மெஷினுக்கும் ஏற்பக் கோலம் போடுகிறது. டைப்ரைட்டர் மாதிரி மெஷினா? என்ராஃப் வரிக்கு 65 எழுத்தாக அடுக்கும். தடித்த எழுத்து வேண்டுமென்றால் அந்த மெஷினுக்கு வேறு எழுத்தேது? ஒரு எழுத்தை அடித்து, ஒரு இடம் பின்னால் வந்து, அதே எழுத்தை அதன் மேலேயே அடிக்கும். அடிக்கோடு வேண்டுமென்றால் கோட்டைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்து எழுத்தை அடிக்கும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் மேன் பக்கம் ஓடும்போது 'டர்ர்' என்று ஓடுகிற தலை தலைப்பு வரிகளில் தடுமாறிப் போவது இதனால்தான். ரிப்பனும் சீக்கிரம் தேயும், ரிப்பன் விற்பவனுக்கு லாபம்! இந்த இரட்டை அடியைப் புரிந்துகொள்ளாத மெஷினுக்கு அனுப்பினால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டிரண்டாகக் குப்பையாய் வரும். அதை வடிகட்டவே 'கால்' என்று ஒரு சிறு கட்டளை உண்டு.

லேசர் பிரிண்டரா? 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழி வந்தது. அடுத்த ஆண்டே அது புரியும் லேசர் பிரிண்டரும் வந்தது. ஒர்க்ஸ்டேஷனில் 'மேன்' கட்டளையோடு ஒரு சிறுகோடும் 'டி'யும் சேர்த்து அடித்தால், அதே மூலத்தை டீராஃப் எடுத்து, புத்தகத்தில் வருவது போன்ற எழுத்தில் கோத்து பிரிண்டருக்கு அனுப்பும். மூலத்தில் ஒரு எழுத்தும் மாறாது. மாறுவது கோலம்தான்.

அந்த இளைஞர் செய்தது இவ்வளவுதான்: தாளின் நீளம் 12 அங்குலம் என்று ஒரு வரி சேர்த்தார். புள்ளி வைத்து 'பிஎல்' என்று தொடங்கும் வரி. மறுபடி அச்சடித்தார். தலைப்பு ஒவ்வொரு தாளிலும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. நான் கொண்டுபோன அதே தாள்தான்.

மூலம் இல்லாத கையேடு

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே அறையில் சின்ன மெஷின் ஒன்றில் வேறொரு யூனிக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கையேட்டையும் அச்சடிக்க வேண்டும். அதற்கு மூலமே இல்லை!

காரணம் வியாபாரம்தான். 1980களில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் இந்த எழுத்துக்கோப்பு நிரல்களை யூனிக்ஸிலிருந்து பிரித்து, 'டாக்குமென்டர்ஸ் ஒர்க்பெஞ்ச்' என்று தனிச் சரக்காக விற்கத் தொடங்கியது. அதை வாங்காதவர்களுக்காக, யூனிக்ஸ் விற்ற கம்பெனிகள் பல, முன்கூட்டியே கோலம் போட்டு முடித்த பக்கங்களை மட்டும் கொடுத்தன. 'கேட்' என்ற பெயருள்ள அடைவுகளில் அவை கிடக்கும். படிக்க வசதி, மெஷினுக்கும் நேரம் மிச்சம். ஆனால் 66 வரி என்பது அதில் கல்லில் வெட்டிய மாதிரி. எது தலைப்பு, எது விளக்கம் என்ற குறிப்பு போய்விட்டது. எஞ்சியது வெற்று இடமும் எழுத்தும் மட்டுமே.

அந்தப் பக்கங்களுக்கு 11 அங்குலத் தாள்தான் வழி. எங்களுக்குத் தாள் அடித்துக் கொடுக்கும் பிரஸ்ஸில் கேட்டேன். 12 அங்குலத் தாளுக்கு 24 அங்குலச் சுற்றளவுள்ள உருளை. 11க்கு 22 அங்குல உருளை வேண்டும், சின்ன ஆர்டருக்கு மாற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள். கடைசியில் வெளியூரிலிருந்து நான்கு பெட்டி 11 அங்குலத் தாள் தருவித்துக் கொடுத்தேன். லாபம் இல்லை. ஆனால் 40 பெட்டிக்கு உரிய பணம் வந்தது, வாடிக்கையும் நின்றது.

இந்த ஊர் முன்பே கண்ட பாடம்

கம்ப்யூட்டர் இந்தியாவுக்குள் வந்த வாசல் கல்கத்தா என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பாராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1956இல் இங்கிலாந்திலிருந்து வந்த எச்.இ.சி.-2எம் நிறுவப்பட்டது. நாட்டின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் அது. 1966இல் அக்கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்ற மெஷினைத் தாங்களே உருவாக்கின. அதே 1960களில் இன்ஷூரன்ஸ் ஊழியர்கள், கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று இலாகோ ஹவுஸ் வாசலில் இரவும் பகலும் காவல் நின்றதும் இதே ஊரில்தான். இரண்டும் சேர்ந்ததுதான் கல்கத்தா.

அதற்கும் முன்னால், அச்சுத் தொழிலில் இந்த மண் ஒரு பாடம் கண்டது. 1778இல் ஹூக்ளியில் ஹால்ஹெட்டின் வங்காள இலக்கணம் அச்சானது. அதற்கு எழுத்து வார்த்தவர் சார்லஸ் வில்கின்ஸ், துணை நின்றவர் பஞ்சானன் கர்மகார் என்ற உள்ளூர்க் கைவினைஞர். 1800இல் நமக்கு அக்கரையில் உள்ள ஸ்ரீராம்பூரில் கேரியும் அவர் நண்பர்களும் மிஷன் அச்சகம் தொடங்கினார்கள். பஞ்சானன் அங்கே போய்ச் சேர்ந்தார். காகித ஆலையும் வைத்தார்கள். 1820இல் நீராவி இயந்திரத்தை அந்த ஆலைக்கு வரவழைத்தார்கள் என்பது எங்கள் காகிதக்காரர்களுக்குப் பெருமை.

1812 மார்ச் 11ஆம் தேதி இரவு அந்த அச்சகம் தீப்பற்றி எரிந்தது. தாள் போயிற்று, பல மொழிகளின் ஈய எழுத்துகள் உருகிப் போயின. ஆனால் சாம்பலைக் கிளறியபோது எஃகுப் பொறிகள் தப்பியிருந்தன. எழுத்தின் மூல உரு அவற்றில்தான் செதுக்கப்பட்டிருந்தது. உருகிக் கிடந்த ஈயத்தையே எடுத்து, அந்தப் பொறிகளைக் கொண்டு மறுபடி எழுத்து வார்த்து, சில மாதங்களுக்குள் அச்சு வேலை நடந்தது. எது திரும்பி வரவில்லை தெரியுமா? கேரி வருடக்கணக்கில் தொகுத்திருந்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படி. அதற்கு வேறு படி இல்லை.

நம் ஓலைச் சுவடிகளுக்கும் இதே விதிதான். ஓலையின் அகலம் ஊருக்கு ஊர் வேறு. ஏட்டில் செய்யுளை அடி பிரித்து எழுதுவதில்லை, இடம் இருக்கும் வரை எழுதிப் போவார்கள். ஆனாலும் செய்யுள் கெடவில்லை. காரணம் யாப்பு. எங்கே அடி முடிகிறது என்ற குறிப்பு செய்யுளுக்குள்ளேயே இருக்கிறது, ஓலையில் இல்லை. ஆகவே சிறிய ஓலையிலிருந்து பெரிய ஓலைக்கும், 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அச்சுத் தாளுக்கும் அது இடம் மாற முடிந்தது. அவருக்குச் சமணக் கருத்துகளை விளக்கியவர்கள் கும்பகோணத்துச் சமணர்கள் என்பதை இங்கே நன்றியோடு நினைக்கிறேன். நோன்பு முடிக்கும்போது சுவடியைப் படியெடுத்துத் தானம் செய்வதைச் சாத்திர தானம் என்று எங்கள் முன்னோர் வைத்ததும், ஒரே படியை நம்பக் கூடாது என்பதால்தான். பொன்னனின் சாந்தி புராணத்தை அத்திமப்பே என்ற அம்மையார் ஆயிரம் படிகள் எடுப்பித்து வழங்கினார் என்று கன்னட மரபு போற்றுகிறது.

என் தப்பு

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதையும் 'பிழைகள்' என்ற தலைப்பின் கீழ் சொல்லிவிட வேண்டும்.

என் தகப்பனார் மேருமந்தர புராணத்துக்குத் தம் கையால் எழுதிய குறிப்புகள் இரண்டு நோட்டுகளில் இருந்தன. அச்சான உரையில் இல்லாத, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த விளக்கங்கள். 1998இல், அவர் காலமான மறுவருடம், அதை ஒரு தமிழ் எழுத்துருவில் டைப் அடிக்கச் செய்தேன். அடித்தவர் பக்கத்தை மிக அழகாக அமைத்துக் கொடுத்தார். 25 படி அச்சடித்து உறவினர்களுக்குக் கொடுத்தேன். கோப்பு மூன்று ஃபிளாப்பியில் இருந்தது. 'இனி என்ன, பத்திரம்' என்று நோட்டுகளை ஊருக்கு அனுப்பிவிட்டேன். அங்கே பரணில் கரையான் தின்றது.

2007இல் மறுபதிப்புப் போடலாம் என்று ஃபிளாப்பியைத் திறந்தால் இரண்டு படிக்கவே முடியவில்லை. மூன்றாவது திறந்தது. ஆனால் தமிழ் இல்லை, ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடந்தது. அன்று ஒவ்வொரு தமிழ் எழுத்துரு செய்தவரும் தமக்கென்று ஒரு குறியேற்றம் வைத்திருந்தார்கள். ஒருவரின் 'க' இன்னொருவரின் 'ழ'. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி, தமிழ்நாட்டில் டாம், டாப் என்று இரு பொதுக் குறியேற்றங்கள் வகுக்கப்பட்டன. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் இருந்தும், தமிழக அரசு அதைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். என் கோப்பின் எழுத்துருவைச் செய்தவர் யார் என்று கண்டுபிடிக்கக்கூட முடியவில்லை. கோலத்தை வைத்துக்கொண்டு மூலத்தைத் தொலைத்தவன் ஆனேன். 'கேட்' அடைவு மட்டும் வாங்கி வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தவனுக்கு அதே கதி.

யூனிக்ஸ் கையேட்டின் கதியைப் பாருங்கள். 2002 ஜனவரியில் பழைய யூனிக்ஸின் மூலங்களை அப்போதைய உரிமையாளர் பொதுவில் விட்டார். 1979ஆம் ஆண்டுக் கையேட்டின் மூலக் கோப்புகளும் அவற்றோடு கிடைக்கின்றன. 1990இல் ஜேம்ஸ் கிளார்க் எழுதி இலவசமாகத் தந்த 'ஜிராஃப்' என்ற நிரல் அவற்றை இன்றும் படித்து, இன்றைய ஏ4 தாளுக்கு ஏற்பக் கோத்துத் தருகிறது. பேரனுடைய லேப்டாப்பில் அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். எழுதியவர்களில் ஒசானா போய்விட்டார், ரிட்சியும் 2011இல் போய்விட்டார். அந்த ஒளியச்சு மெஷின் எங்கே என்று யாருக்குக் கவலை? பக்கம் மட்டும் சுத்தமாக வந்து விழுந்தது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

நாம் ஊரை விட்டு வந்தவர்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். என்றைக்காவது ஒருவருக்குப் படிக்கத் தோன்றும். அன்றைக்கு அவர் கையில் இருக்கப்போகும் மெஷின் எது, தாள் எது, தாளே இருக்குமா என்று நமக்குத் தெரியாது. ஆகவே அழகான பக்கத்தை மட்டும் சேமித்து வைத்தால் போதாது.

இம்மலருக்கு வரும் கட்டுரைகளை அச்சகத்துக்கு அனுப்பும் முன், யூனிகோடில் வெறும் எழுத்துக் கோப்பாக ஒரு படி எடுத்து வையுங்கள். தலைப்பு எது, ஆசிரியர் பெயர் எது, அடிக்குறிப்பு எது என்று ஒவ்வொன்றுக்கும் எளிய குறி ஒன்று போட்டு வையுங்கள். படிகள் மூன்று வீட்டில் இருக்கட்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். நம் சங்கத்தின் பழைய மலர்கள் சிலவற்றின் கோப்பும் என் ஃபிளாப்பி மாதிரிதான் ஆகியிருக்கிறது. அச்சான படிகள் உள்ளபோதே உட்கார்ந்து மறுபடி அடித்துவிட வேண்டும்.

தகப்பனாரின் குறிப்புகளில் எனக்கு மிஞ்சியது 1998இல் அச்சடித்த ஒரே ஒரு படி. அத்தைப் பாட்டி வீட்டில் கிடைத்தது, முதல் எட்டுப் பக்கம் இல்லை. கடை வேலை முடிந்து தினம் ஒரு மணி நேரம் நானே தட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 41 பக்கம் ஆயிற்று. மீதி 24 படிகளில் ஏதாவது ஒன்று இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது இருந்தால், முதல் எட்டுப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். தாளின் அளவு எதுவானாலும் பரவாயில்லை.